பெண்ணையாற்றின் கரைவழி: படகு ஓடாத ஆற்றில் வாணிகம் ஓடிய வரலாறு

ஆறுகளும் வாணிகமும் என்றவுடன் பள்ளிப் பாடநூல்கள் நம் பிள்ளைகளுக்கு நைல் நதியையும் யூப்ரடீஸ், டைக்ரிஸ் நதிகளையுமே காட்டுகின்றன. பாய்மரப் படகுகள், துறைமேடைகள், தானியம் ஏற்றிய தோணிகள் என ஓர் ஓவியம் மனத்தில் பதிந்துவிடுகிறது. அந்த ஓவியத்தோடு திருவண்ணாமலை மாவட்டத்தின் தென்பெண்ணை ஆற்றைப் பார்க்கச் செல்பவர் ஏமாற்றமே அடைவார். ஆண்டின் பெரும்பகுதி மணலும் நாணலும் ஆங்காங்கே தேங்கிய நீருமாகவே அது கிடக்கிறது. இதில் எந்தக் கப்பல் வந்தது, எந்தச் சரக்கு போயிற்று என்று கேட்கத் தோன்றுவது இயல்பே.

ஆயினும் ஈராயிரம் ஆண்டுகளாக வட தமிழகத்தின் உள்நாட்டையும் சோழமண்டலக் கடற்கரையையும் இணைத்த பெருவழி இந்த ஆறுதான். சரக்கைச் சுமந்தது அதன் நீரன்று, அதன் கரை. இந்த வேறுபாட்டை உணர்ந்துகொண்டால், கடற்கரைப் பட்டினங்களில் மட்டுமன்றி உள்நாட்டுச் சிற்றூர்களிலும் நம் முன்னோர் எவ்வாறு வேரூன்றினர் என்பதும் ஓரளவு விளங்கும். திருவண்ணாமலை போன்ற கோயில் நகரங்களில் வாழும் முஸ்லிம் குடும்பங்களிடம் அவர்தம் ஊர்வரலாற்றைக் கேட்டால், பெரும்பாலும் "நவாபு காலத்தில் வந்தோம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அதற்கு முன்னரே திறந்திருந்த வழியைப் பற்றி யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

பெண்ணையாறு கர்நாடகத்தின் நந்திமலைப் பகுதியில் தோன்றுகிறது. ஓசூர், கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் ஆகிய ஊர்களைக் கடந்து, தருமபுரி மாவட்டத்தின் வழியே சாத்தனூர் மலையிடுக்கில் நுழைகிறது. பின்னர்த் திருவண்ணாமலை நகருக்குத் தெற்கே சென்று, திருக்கோவிலூரைத் தொட்டு, கடலூருக்கு அருகில் வங்கக் கடலில் கலக்கிறது. அதன் நீளம் 400 கிலோமீட்டருக்கு மேல். மாவட்டத்தின் மற்றொரு பெரிய ஆறான செய்யாறு சவ்வாது மலையில் பிறந்து, செங்கத்தைத் தொட்டு வடகிழக்காகத் திரும்பிப் பாலாற்றில் சேர்கிறது. இவ்விரண்டு ஆறுகளுக்கும் இடைப்பட்ட நிலத்தில் அமைந்ததே திருவண்ணாமலை. மேற்கே மைசூர்ப் பீடபூமியிலிருந்து இறங்குவோர் செங்கம் கணவாய் வழியாக வந்து, இந்நகரைக் கடந்தே கிழக்கே செல்ல வேண்டும். நிலவரைபடத்தில் இதை ஒருமுறை விரல்வைத்துத் தொடர்ந்து பார்த்தால், இந்நகர் ஏன் இங்கே எழுந்தது என்பதற்கு ஆன்மிகக் காரணத்தோடு மற்றொரு காரணமும் புலப்படும்.

படகு செல்லாத ஆறு வாணிகத்துக்கு என்ன உதவி செய்தது? முதல் உதவி தண்ணீர். பொதிமாடுகள் நாளொன்றுக்குப் பதினைந்து இருபது கிலோமீட்டருக்கு மேல் நடப்பதில்லை. நூறு மாடுகள் கொண்ட ஒரு கூட்டம் இரவில் தங்குமிடத்தில் நீரும் புல்லும் இருந்தாக வேண்டும். கோடையிலும் மணலைத் தோண்டினால் ஊற்று சுரக்கும் ஆற்றங்கரையைவிட நல்ல தங்குமிடம் வறண்ட நாட்டில் கிடையாது. அடுத்தது, வழி. மலைகளுக்கிடையே ஆறு அறுத்துச் சென்ற பள்ளத்தாக்கில்தான் ஏற்ற இறக்கம் குறைவு. காடு அடர்ந்த காலத்தில் திசை தவறாமல் நடக்கவும் ஆறே துணை. நீர் செல்லும் திக்கில் நடந்தால் கடலை அடையலாம், எதிர்த்திக்கில் நடந்தால் மேட்டுநிலத்தை அடையலாம். இதற்கு வழிகாட்டி எவரும் வேண்டியதில்லை.

பருவங்கள் இணைந்த விதமும் வியப்புக்குரியது. வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் பெண்ணையாற்றைக் கரைபுரளச் செய்யும். அதே மாதங்களில் வங்கக் கடலில் புயல் எழுவதால் பாய்க்கப்பல்கள் சோழமண்டலக் கரையை விட்டு விலகிவிடும். தை பிறந்ததும் கடல் அடங்குகிறது, ஆற்றிலும் நீர் வடிகிறது, அறுவடை முடிந்து மாடுகளுக்கும் ஓய்வு கிடைக்கிறது. ஆற்றைக் கடக்க இயலாத காலத்தில் கடலிலும் கப்பல் இல்லை. கப்பல் வரும் காலத்தில் ஆற்று மணலில் வண்டி இறக்கிக் கடந்து செல்லலாம். இவ்வாறு வாணிக ஆண்டு தானாகவே அமைந்துவிட்டது. செங்கம் கணவாயிலிருந்து கடலூர் வரை ஏறத்தாழ 135 கிலோமீட்டர். பொதிமாட்டின் நடையில் ஒன்பது பத்து நாள் பயணம்.

ஆறு இல்லாத பள்ளத்தாக்கில் வாழ்ந்த குறைஷிக் குலத்தார் குளிர்காலத்தில் ஒரு திக்கிலும் கோடையில் மற்றொரு திக்கிலும் பயணம் செய்து வாணிகம் நடத்தியதைத் திருக்குர்ஆனின் குறைஷ் அத்தியாயம் எடுத்துரைப்பதை நாம் அறிவோம். பருவத்தை அறிந்து நடந்த அந்த ஒட்டகக் கூட்டங்களையும் நம் பொதிமாட்டுக் கூட்டங்களையும் ஒருசேர நினைத்துப் பார்ப்பதில் தவறில்லை. இரண்டுக்கும் மூலதனம் நீர்நிலை பற்றிய அறிவும், வழியில் பாதுகாப்பும்தான்.

இந்த வழியின் தொன்மைக்குச் சான்று என்ன? மிகச் சிறந்த சான்று உள்ளங்கைக்குள் அடங்குவது. திருக்கோவிலூரைத் தலைநகராகக் கொண்டு பெண்ணையாற்றங்கரையை ஆண்ட மலையமான்கள் சங்ககாலக் குறுநில மன்னர்கள். அவர்களுள் திருமுடிக்காரி வள்ளல்கள் எழுவருள் ஒருவன். அவர்கள் வெளியிட்ட சிறு செப்புக் காசுகளை நாணய ஆய்வாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி ஆராய்ந்து வெளியிட்டார். காசின் ஒரு பக்கத்தில் குதிரை. மறுபக்கத்தில் ஒரு மலை, வளைந்தோடும் ஓர் ஆறு, ஆற்றுக்குள் மீன்கள். தம் நாட்டின் வரைபடத்தையே காசில் பொறித்துவிட்டனர் என்று கூறலாம். தம் நாட்டை அடையாளம் காட்ட ஓர் அரசன் ஆற்றைத் தேர்ந்தெடுக்கிறான் என்றால், அவன் வருவாய்க்கும் அந்த ஆற்றுக்கும் உறவு உண்டென்று கொள்வதில் பிழையிராது. குதிரையும் கவனத்துக்குரியது. நல்ல குதிரை தமிழகத்தில் இனவிருத்தி செய்யப்பட்ட விலங்கன்று. அது பெரும்பாலும் கடல்வழியாக வந்தது. கடலில் வந்த குதிரையும் உள்நாட்டு ஆறும் ஒரே காசின் இரு முகங்களாக அமைந்திருப்பதைக் காணும்போது அன்றைய வாணிகத்தின் இரு முனைகளும் கண்முன் வந்து நிற்கின்றன.

செங்கத்துக்கு அருகிலுள்ள ஆண்டிப்பட்டியில் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த ஈயக் காசுகள் கிடைத்துள்ளன. திருக்கோவிலூர் வட்டாரத்துச் சோரியப்பட்டில் உரோமானியப் பொற்காசுகள் புதையலாக வெளிப்பட்டன. கடற்கரையில் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேடு இருக்கிறது. 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்து, உரோம நாட்டுடன் அவ்வூர் கொண்டிருந்த தொடர்பை உலகுக்கு அறிவித்தார். அரிக்கமேடு பெண்ணையாற்றின் முகத்துவாரத்தில் இல்லை, செஞ்சியாற்றின் கிளையான அரியாங்குப்பம் ஆற்றின் கரையில் இருக்கிறது. ஆனால் பெண்ணையாற்றுச் சமவெளியிலிருந்து அங்கே செல்ல இடையே மலையோ காடோ தடையில்லை. ஆகவே அந்தத் துறைமுகத்தின் பின்னிலத்தில் இந்த ஆற்றுப்படுகையும் அடங்கும் என்று ஆய்வாளர் கருதுவது பொருத்தமே.

1981-ஆம் ஆண்டு திருக்கோவிலூருக்கு மேற்கே, பெண்ணையாற்றுக்கு அருகிலுள்ள ஜம்பை என்ற ஊரின் குன்றில் ஒரு தமிழ் பிராமிக் கல்வெட்டு கண்டறியப்பட்டது. தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி துறவியர்க்கு ஒரு குகை உறைவிடத்தை வழங்கிய செய்தி அதில் உள்ளது. அசோகரின் கல்வெட்டுகளில் இடம்பெறும் "சத்தியபுத்திரர்" யாவர் என்ற நெடுநாள் ஐயம் இக்கல்வெட்டால் தீர்ந்தது. அதியமானுக்கு அதே பட்டம் இதில் வழங்கப்பட்டுள்ளது. இக்கண்டுபிடிப்பைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இதோடு நிறுத்திவிடுகின்றனர். நமக்கு வேண்டியது மற்றொன்று. தகடூர் என்பது இன்றைய தருமபுரி, பெண்ணையாற்றின் மேற்பகுதி. ஜம்பை கீழ்ப்பகுதி. மேற்பகுதியை ஆண்டவன் கீழ்ப்பகுதியில் அறம் செய்து தன் பெயரை வெட்டுவிக்கிறான். மலையமானும் அதியமானும் ஒருவரோடொருவர் பகைத்துப் போரிட்டவர்கள். அவர்கள் எதற்காகப் போரிட்டனர் என்று வினவினால், இந்த ஆற்றுவழி யார் கையில் இருப்பது என்பதும் அதற்குரிய விடைகளுள் ஒன்றாக இருக்கும் என்பது என் கருத்து.

பத்துப்பாட்டில் ஒன்றாகிய மலைபடுகடாம் செங்கத்தை ஆண்ட நன்னனைப் பாடுவது. பெருங்கௌசிகனார் இயற்றியது. பரிசில் பெற்று வரும் கூத்தர் தலைவன், எதிர்ப்பட்ட வேறொரு கூத்தனுக்கு நன்னன் ஊருக்குச் செல்லும் வழியைச் சொல்லுவதாக அமைந்த நூல் அது. எந்த இடத்தில் வழுக்கும், எங்கே பன்றிப்பொறி வைத்திருப்பர், இரவில் எங்கே தங்கலாம், எந்த ஊரார் என்ன உணவு தருவர் என்றெல்லாம் விரிகிறது. சேயாறு, அதாவது இன்றைய செய்யாறு, அந்த வழியின் இறுதியில் துணையாக வருகிறது. இலக்கியமாக அதைப் படிப்போர் உவமைகளில் மகிழ்வர். வழிப்போக்கனின் கண்கொண்டு படித்தால் அது ஒரு பயணக் கையேடு. கடவுச்சீட்டும் விடுதியும் இல்லாத காலத்தில் இத்தகைய அறிவு வாய்மொழியாகப் பரிமாறப்பட்டே வாணிகம் நடந்தது.

வழி இருந்தால் வழிப்பறியும் உண்டு. செங்கம், தண்டராம்பட்டுப் பகுதிகளில் பரவலாகக் கிடைக்கும் நடுகற்கள் அதற்குச் சாட்சி. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1972-இல் இரா. நாகசாமியின் பதிப்பாக இவற்றைத் தொகுத்து வெளியிட்டது. பல்லவர் காலத்தில் ஆநிரை கவர்தலிலும் மீட்டலிலும் இறந்த வீரர்களுக்கு எடுக்கப்பட்ட கற்கள் இவை. எடுத்தனூரில் உள்ள ஒரு கல் தனிச்சிறப்புடையது. மகேந்திரவர்மன் ஆட்சியில் கருந்தேவகத்தி என்ற வீரன் இறந்துபட, அவனுடைய நாய் கோவிவன் கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றதாக அக்கல் கூறுகிறது. நாயின் உருவமும் அதில் செதுக்கப்பட்டுள்ளது. ஓர் ஊர் தன் மாடுகளை இழப்பது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை உணர்ந்தால்தான் ஒரு நாய்க்கும் கல்லெடுத்த அந்த நன்றி புரியும். மாடு அன்று உழவுக்கும் சுமைக்கும் ஒருசேர உரியது. மாடு போயிற்றென்றால் வயலும் போயிற்று, வாணிகமும் போயிற்று.

சோழர் காலத்தில் இந்த வழிகளின் பாதுகாப்பை வணிகக் குழுக்களே தம் படைகளைக் கொண்டு கவனித்தன. ஐந்நூற்றுவர், மணிக்கிராமம் ஆகிய பெயர்களோடு அஞ்சுவண்ணம் என்ற பெயரும் கல்வெட்டுகளில் வருகிறது. மேற்காசிய வணிகர்களின் குழுவே அஞ்சுவண்ணம் என்பது இன்று அறிஞர் பெரும்பாலோர் ஏற்கும் கருத்து. கி.பி. 849-ஆம் ஆண்டின் கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் இக்குழு குறிக்கப்படுகிறது. அச்செப்பேட்டின் சாட்சிக் கையொப்பங்களுள் சில கூஃபி எழுத்தில் அரபு மொழியில் அமைந்தவை. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டொன்றில் சோனகன் சாவூர் என்ற பெயர் இடம்பெறுகிறது. சோனகர் என்பது அரபு நாட்டாரையும் அவர்வழி வந்த முஸ்லிம்களையும் குறிக்கத் தமிழ் வழங்கிய பழைய சொல். நவாபுகளுக்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்டவை இச்சான்றுகள்.

பெண்ணையாற்று வழியின் கடல்முனைக்குத் தெற்கே, வெள்ளாற்றின் முகத்துவாரத்தில் உள்ளது பரங்கிப்பேட்டை. மஹ்மூது பந்தர் என்ற பெயரும் அவ்வூருக்கு உண்டு. பந்தர் என்பது பாரசீகத்தில் துறைமுகம். போர்த்துக்கீசியர் அதைப் போர்ட்டோ நோவோ என்று அழைப்பதற்கு முன்னும் பின்னும் மரக்காயர்களின் கப்பல்கள் அங்கிருந்து அச்சே, மலாக்கா, கெடா ஆகிய இடங்களுக்குச் சென்று வந்தன. சென்றவற்றுள் முதன்மையானது துணி. அதை நெய்தவர் யார், எங்கே? கடற்கரையில் மட்டுமல்லர். திருக்கோவிலூர், திருவண்ணாமலை, ஆரணி என உள்நாட்டு ஊர்களின் தறிகள் கடல்வணிகத்தை நம்பியே ஓடின. உப்பங்கழிக் கரையில் விளைந்த உப்பும், கடலில் வந்த பாக்கும் கருவாடும் செம்பும் எதிர்த்திசையில் ஏறின. மலைநாட்டிலிருந்து தேன், மெழுகு, சந்தனம், இரும்பு, தானியம் ஆகியவை இறங்கின. உப்பு வணிகர் இவ்வழியின் மிகப் பழைய பயணிகள். சங்க இலக்கியம் அவர்களை உமணர் என்கிறது. மரக்காணத்து உப்பளங்கள் இன்றும் அப்படியே இருக்கின்றன.

மரக்காயர் கடலோடு நின்றனர், உள்நாட்டுக்குச் சரக்கைக் கொண்டுசென்றோர் வேறு என்று எண்ணுவது முழு உண்மையாகாது. கடன், முன்பணம், தரகு, மொத்தக் கொள்முதல் ஆகியவை இருபுறத்தாரையும் பிணைத்தன. துணிக்கு முன்பணம் கொடுக்க ஒருவர் தறியிருக்கும் ஊருக்கு வந்தாக வேண்டும். வந்தவர் தங்க ஓரிடம் வேண்டும், தொழ ஓரிடம் வேண்டும், இறந்தால் அடக்கம் செய்ய ஓரிடம் வேண்டும். சாலையோரச் சிற்றூர்களில் நாம் காணும் சிறிய பள்ளிவாசல்களும் பழைய மையவாடிகளும் பல, இந்தத் தேவைகளிலிருந்து பிறந்தவையாகவே எனக்குத் தோன்றுகின்றன.

குதிரையின் கதை இன்னும் நெருக்கமானது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் தென்பாண்டிக் கரையின் காயல் துறைமுகத்தில் அரபு, பாரசீகக் குதிரைகள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் வந்திறங்கியதை மார்க்கோ போலோவும், பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃபும் எழுதியுள்ளனர். குதிரை வளர்ப்பிலும் பயிற்சியிலும் தேர்ந்தோர் தமிழகத்தின் உள்நாடெங்கும் அரசர்களின் படைகளில் பணிபுரிந்தனர். குதிரைவீரனைக் குறிக்கும் "ராவுத்தர்" என்ற சொல் நம் சமுதாயத்தின் ஒரு பெரும் பிரிவுக்கே பெயராயிற்று. திருவண்ணாமலையைச் சேர்ந்தவரும் பதினைந்தாம் நூற்றாண்டினருமான அருணகிரிநாதர் தம் கந்தர் அலங்காரத்தில் மயில் மீது ஏறிவரும் முருகனை "ராவுத்தன்" என்று விளிக்கிறார். ஒரு கோயில் நகரத்துப் புலவர் தம் தெய்வத்தை அழைக்க இச்சொல்லை எடுத்தாள்கிறார் என்றால், அது அந்நகரத் தெருவில் மதிப்போடு புழங்கிய சொல்லாக இருந்திருக்க வேண்டும். அடுத்த வீட்டாரின் மொழிக்குள் நம் பெயர் எவ்வளவு இயல்பாகக் கலந்திருந்தது என்பதற்கு இதனினும் இனிய சான்று எனக்குத் தெரிந்தவரை வேறில்லை.

இனிப்பானவற்றை மட்டும் எழுதுவது வரலாறு ஆகாது. போசள மன்னர் மூன்றாம் வல்லாளர், தில்லிப் படையெடுப்புகளால் துவாரசமுத்திரம் நலிந்தபின் திருவண்ணாமலையைத் தம் தலைநகரங்களுள் ஒன்றாக்கிக்கொண்டார். மேட்டுநிலத்தையும் சமவெளியையும் இணைக்கும் வாயிலில் அமர்ந்துகொள்வதன் பயனை அவர் அறிந்திருந்தார். 1342-இல் மதுரை சுல்தான் கியாசுத்தீனுடன் நடந்த போரில் வல்லாளர் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். முதியவரான அம்மன்னரின் உடல் மதுரை மதிலில் தொங்கவிடப்பட்டதைத் தாம் நேரில் கண்டதாக இப்னு பதூதா எழுதுகிறார். அச்சுல்தான் பெண்களையும் குழந்தைகளையும் கொன்ற கொடுமையையும் அவர் மறைக்கவில்லை. அது வெறுக்கத்தக்க செயல் என்றும், அதனாலேயே இறைவன் அவருடைய அழிவை விரைவுபடுத்தினான் என்றும் கண்டித்து எழுதினார். ஒரே மார்க்கத்தவர் என்பதற்காக அநீதியைப் பூசி மெழுகாத அந்தப் பயணியின் நேர்மை, இன்று இவ்வரலாற்றை எழுதவும் பேசவும் முற்படும் நமக்குப் பெரிய துணை.

பதினேழாம் நூற்றாண்டில் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் பெண்ணையாற்றின் கடல்முனைக்கு வந்தனர். கடலூருக்கு அருகேயுள்ள தேவனாம்பட்டினத்துக் கோட்டையை 1690-இல் ஆங்கிலக் கும்பினி மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கிற்று. கோட்டையைச் சுற்றிப் பீரங்கிக் குண்டு போய் விழும் தொலைவு வரையுள்ள நிலமும் விற்பனையில் அடங்கும் என்பது ஒப்பந்தம். கும்பினியார் இருப்பவற்றுள் தொலைவு பாயும் பீரங்கியைத் தேடிக் கொணர்ந்து சுட்டனர். குண்டு விழுந்த எல்லைக்குட்பட்ட ஊர்களுக்குக் "குண்டு கிராமங்கள்" என்ற பெயர் நிலைத்துவிட்டது. வாணிகம் ஆட்சியாக மாறிய விதத்தை இந்த ஒரு நிகழ்ச்சியே சொல்லிவிடும். செயிண்ட் டேவிட் கோட்டை என்று பெயர் பெற்ற அவ்விடத்திலிருந்து அவர்கள் வாங்கியதும் அதே உள்நாட்டுத் துணிதான். இதன் பின்னர் முன்பணம் கொடுக்கும் கை மாறிற்று. நெசவாளர் யாருக்கு விற்பது, என்ன விலைக்கு விற்பது என்பவற்றைக் கும்பினியின் முகவர்கள் தீர்மானிக்கத் தொடங்கினர். மரக்காயக் கப்பல்கள் மலாய்த் தீவுகளோடு தம் உறவைத் தொடர்ந்தன. பினாங்கின் சூலியா தெருவும் சிங்கப்பூரின் ஜாமிஆ சூலியா பள்ளிவாசலும் அதன் அடையாளங்கள். எனினும் இந்திய மண்ணில் அவர்களுடைய இடம் குறுகிவிட்டது.

செங்கம் கணவாய் பெருஞ்செய்தியானது 1767-இல். ஹைதர் அலியும் ஹைதராபாத் நிஜாமும் சேர்ந்து கர்னல் ஜோசப் ஸ்மித்தின் படையை எதிர்த்தனர். பெண்ணையாற்றங்கரைக் காவேரிப்பட்டணத்திலிருந்து பின்வாங்கிய ஸ்மித் கணவாயின் வழியே இறங்கினார். செப்டம்பர் மாதத் தொடக்கத்தில் செங்கத்திலும், அதே மாத இறுதியில் திருவண்ணாமலையிலும் போர்கள் நடந்தன. இரண்டிலும் களத்தில் ஆங்கிலேயரே நிலைத்து நின்றனர். ஆயினும் அரிசி போதாமையால் அவர்களும் பெரிதும் துன்புற்றனர். பீரங்கியையும் அரிசியையும் இழுத்துச் சென்றவை அதே மாடுகள், அவை நடந்தது அதே வழி. வணிகனுக்கு எது பெருவழியோ அதுவே படைக்கும் பெருவழி. நாட்டுப்புறத்தார் இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் விழுப்புரத்திலிருந்து திருக்கோவிலூர், திருவண்ணாமலை வழியாகக் காட்பாடிக்கு இருப்புப்பாதை வந்தது. மணிலாக் கொட்டை மூட்டைகள் வண்டியை விட்டு இரயில் ஏறின. பொதிமாட்டுத் தொழில் ஒரு தலைமுறைக்குள் நலிந்தது. ஆற்றோரத் தங்கல்களில் பலவற்றின் பெயர்கள் மட்டும் எஞ்சின. 1958-இல் சாத்தனூர் அணை கட்டி முடிக்கப்பட்டபின் ஆறு முழுமையாகப் பாசனத்துக்கு உரியதாயிற்று. 119 அடி வரை நீர் தேக்கும் அந்த அணையின் நீர்த்தேக்கத்துக்குள் பழைய கரைவழியின் ஒரு பகுதியும் அடங்கிவிட்டது.

ஆனாலும் ஆற்றைக் கடப்பது இன்றும் எளிதன்று. 2024 டிசம்பர்த் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையால் சாத்தனூரிலிருந்து நொடிக்கு ஒன்றரை இலட்சம் கன அடிக்கு மேல் நீர் திறந்துவிடப்பட்டது. திறப்புவிழா கண்டு சில மாதங்களே ஆகியிருந்த அகரம்பள்ளிப்பட்டு மேம்பாலத்தை வெள்ளம் அடித்துச் சென்றது. கரையின் இருபுறத்து ஊர்களும் மீண்டும் பலகாலம் சுற்றிச் செல்ல வேண்டியதாயிற்று. கார்த்திகையில் கரையோரத்தில் கூடாரமடித்து நீர் வடியக் காத்திருந்த பழைய பொதிமாட்டுக்காரருக்கு இது புதிய செய்தியாக இருந்திராது.

இவ்வட்டாரத்துக் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். பரணிலும் பழைய பெட்டிகளிலும் கிடக்கும் பத்திரங்களையும் கணக்கேடுகளையும் பழைய தாள் வாங்குவோரிடம் எடை போட்டுவிடாதீர்கள். அரபுத்தமிழில் எழுதப்பட்டிருந்தால், படிக்கத் தெரிந்த ஆலிம் ஒருவரிடம் காட்டுங்கள். நிலத்தின் நான்கெல்லையைக் கூறும் இடத்தில் வண்டிப்பாதை, சாவடி, பரிசல்துறை என்று எவையேனும் குறிக்கப்பட்டுள்ளனவா, வரவு எழுதிய பக்கத்தில் கடலூர், பரங்கிப்பேட்டை, திருக்கோவிலூர் என்ற பெயர்கள் வருகின்றனவா என்று பாருங்கள். பள்ளிவாசல் நிர்வாகத்தார் தம் பழைய வக்ஃபு ஆவணங்களையும், மையவாடிகளில் எழுத்துள்ள மீஸான் கற்களையும் ஒளிப்படம் எடுத்து வைக்கலாம். கல்லில் சுண்ணாம்பு பூசுவதற்கு முன் அதைச் செய்வது நலம்.